காசைத் தின்னும் பெட்டிகள்

1809 ஜனவரியில் இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரைக்கு அப்பால், குட்வின் மணல்திட்டில் சிக்கி 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் மூழ்கியது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இந்தியாவுக்குக் கிளம்பிய கப்பல் அது. சென்னை மாகாணத்துக் கடைத்தெருக்களில் புழங்குவதற்கென்று அடித்த பத்துக் காசு, இருபது காசுச் செப்பு நாணயங்கள் மரப் பீப்பாய்களில் அதில் ஏற்றப்பட்டிருந்தன. பர்மிங்காமில் மேத்யூ போல்டன் நிறுவிய சோஹோ அக்கசாலையில், நீராவி இயந்திரத்தால் அடித்த காசுகள். 1808 என்ற ஆண்டைத் தாங்கியவை. 1980களில் முக்குளிப்போர் கப்பலின் சிதைவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட காசுகளை மேலே கொண்டுவந்தார்கள்.

கடல்நீரும் மணலும் நேராகத் தொட்ட காசுகள் அரிக்கப்பட்டு முகம் இழந்திருந்தன. பீப்பாய்க்குள் ஒன்றோடொன்று இறுகிப் பாளமாகிப்போன திரளின் நடுவில் இருந்த காசுகளிலோ கம்பெனிச் சின்னமும் பின்பக்கத்துப் பாரசீக எழுத்தும் தெளிவாக இருந்தன. இரண்டும் ஒரே செம்பு, ஒரே அச்சு, ஒரே கடலில் ஏறக்குறைய 175 ஆண்டுகள் கிடந்தவை. எந்தக் காசை எது தொட்டுக்கொண்டிருந்தது என்பதில் மட்டும்தான் வேறுபாடு. ஆக்சிஜனும் உப்பும் எட்டாத இடத்தில் இருந்த காசு பிழைத்தது.

நாணயச் சேகரிப்பில் இறங்குபவர்கள் எந்தக் காசை வாங்கலாம் என்று மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். வாங்கியதை எதில் வைப்பது என்பதற்கு அவ்வளவு யோசனை செலவாவதில்லை. எழுதுபொருள் கடையில் கிடைத்த ஆல்பம், பழைய பிஸ்கட் டின், நகைக்கடையில் கொடுத்த வெல்வெட் டப்பா என்று கைக்கு எட்டியது எதுவோ அதில் போய்விடுகிறது. மூடியை மூடியதும் உள்ளிருக்கும் காற்று, ஈரம், பிளாஸ்டிக், அட்டை, பசை எல்லாம் உலோகத்தோடு வினைபுரியத் தொடங்குகின்றன. மிக மெதுவாக நடப்பதால் யாருக்கும் தெரிவதில்லை. நான் பார்த்த பல நல்ல சேகரிப்புகளைக் கெடுத்தது, காசைக் காப்பாற்றுவதற்கென்றே காசு கொடுத்து வாங்கிய உறைதான். ஆகவே ஆல்பத்தின் அழகைப் பார்ப்பதற்கு முன்னால் கையிலிருக்கும் காசு என்ன உலோகம் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் பக்கத்து வீடுகளில் சாதாரணமாகக் கிடைக்கும் காசுகளையே எடுத்துக்கொள்வோம். விக்டோரியா காலத்திலிருந்து புழங்கிய வெள்ளி ரூபாய் 11.66 கிராம் எடை, அதில் 91.7 சதவீதம் வெள்ளி, மீதி கலப்பு உலோகம். இரண்டாம் உலகப் போர் நெருக்கடியில் 1940 முதல் வெள்ளியின் பங்கு பாதியாகக் குறைந்து, மீதிப் பாதியைச் செம்பும் நிக்கலும் துத்தநாகமும் நிரப்பின. 1947ஆம் ஆண்டு ரூபாய் முழு நிக்கல். காந்தத்தைக் காட்டினால் ஒட்டிக்கொள்ளும். 1943 முதல் 1947 வரை வந்த ஓட்டைக் காலணா வெண்கலம். 1957 ஏப்ரல் 1 அன்று தசம முறை வந்தபோது ஒரு நயா பைசாவும் வெண்கலமாகவே இருந்தது. 1960களின் நடுவிலிருந்து சிறு பைசாக்கள் அலுமினியக் கலவைக்கு மாறின. 1980களின் இறுதியில் துருப்பிடிக்கா எஃகு வந்தது.

தாத்தா வைத்துவிட்டுப் போன ஒரே டப்பாவில் இவை எல்லாம் கலந்து கிடப்பதைப் பார்க்கலாம். அதுவே முதல் ஆபத்து. இரண்டு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, இடையில் ஈரமும் கொஞ்சம் உப்பும் சேர்ந்தால் அங்கே ஒரு சிறு மின்கலம் உருவாகிறது. எலெக்ட்ரான்களை எளிதில் விட்டுக்கொடுக்கும் உலோகம் கரைகிறது, மற்றது தப்பிக்கிறது. செப்புக் காசோடு சேர்ந்து கிடக்கும் அலுமினியப் பைசா வெள்ளைப் பொடி பூத்துக் குழிகுழியாகப் போவதன் காரணம் இதுதான். உலோகவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக வைத்தாலே பாதிக் கேடு நின்றுவிடும்.

நிக்கல், எஃகுக் காசுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கீறல் படாமல், ஈரம் தேங்காமல் பார்த்துக்கொண்டால் அவை தம்மைத் தாமே காத்துக்கொள்ளும். தங்கம் காற்றோடு வினைபுரிவதில்லை. கலந்திருக்கும் செம்பினால் சில சமயம் செம்புள்ளிகள் தோன்றும், அவ்வளவே. ஆனால் தங்கம் மிருதுவானது. விஜயநகரக் காலத்துத் தங்கப் பணம் அரை கிராம்கூட எடை இல்லாதது, ஒரு மிளகளவுதான் இருக்கும். சாதாரண ஆல்பப் பையில் போட்டால் தையல் இடுக்கில் நழுவி மறைந்துவிடும். அதற்குத் தன் அளவுக்கே வெட்டிய குழியுள்ள கூடு வேண்டும்.

வெள்ளியின் கதை வேறு. வெள்ளிக்கு ஆக்சிஜனால் பெரிய பாதிப்பு கிடையாது. அதன் எதிரி கந்தகம். காற்றில் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற கணக்கில் ஹைட்ரஜன் சல்பைடு வாயு இருந்தாலே போதும், வெள்ளியின் மேல் வெள்ளி சல்பைடு படலம் படரத் தொடங்கும். வேகவைத்த முட்டை, ரப்பர் வளையம், கம்பளித் துணி, மலிவான அட்டை, சாக்கடை வாடை என்று கந்தகம் வரும் வழிகள் பல. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவைத்த வெள்ளி ரூபாய்க் கட்டில், ரப்பர் தொட்ட இடத்தில் கறுப்புக் கோடு விழுந்திருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள்.

அந்தப் படலம் எடுத்த எடுப்பில் கறுப்பாக வருவதில்லை. சில பத்து நானோமீட்டர் தடிமனில் இருக்கும்போது, படலத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் அடியிலிருக்கும் உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று மோதுகின்றன. சில நிறங்கள் அழிகின்றன, சில தூக்கிக் காட்டப்படுகின்றன. சோப்புக் குமிழியில் நிறங்கள் நெளிவதும் இதே இயற்பியல்தான். படலம் தடிக்கத் தடிக்க மஞ்சள் பொன்னிறமாகி, ஊதாவாகி, நீலமாகி, கடைசியில் கறுப்பில் முடிகிறது. அமெரிக்காவின் மார்கன் வெள்ளி டாலர்கள் அரசுக் கருவூலத்தில் துணிப் பைகளில் பல பத்தாண்டுகள் மூட்டையாகக் கிடந்தன. துணியைத் தொட்டுக்கொண்டிருந்த காசுகளில் வானவில் நிறங்கள் ஏறின. சிலவற்றில் துணியின் நெசவே பதிந்திருந்தது. இன்று சேகரிப்பாளர்கள் அத்தகைய காசுகளுக்குக் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். எனக்கும் அந்த நிறங்கள் பிடிக்கும். ஆனால் அது நடந்துகொண்டிருக்கும் ஒரு வினையின் நடுக்கட்டம் என்பதை மறக்கக் கூடாது. நல்ல நிறத்தில் நிறுத்திவைக்க வேண்டுமானால் கந்தகத்தின் வரவை அங்கேயே அடைக்க வேண்டும்.

கறுத்த வெள்ளியைக் கண்டதும் நம் வீடுகளில் கை தானாகத் திருநீற்றுச் சம்புடத்துக்குப் போகிறது. குத்துவிளக்குக்குப் புளி, வெள்ளிக் குங்குமச் சிமிழுக்குத் திருநீறு என்பது தலைமுறைகளாக வந்த பழக்கம். பாத்திரத்துக்கு அது நல்லதுதான். காசுக்கு ஆகாது. அச்சுக்கட்டை காசின் மேல் விழும் அந்தக் கணத்தில் உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் பிதுங்கி ஓடுகிறது. அப்படி ஓடிய தடம் கண்ணுக்குப் புலப்படாத நுண்கோடுகளாக மேற்பரப்பில் நின்றுவிடும். புதுக்காசை விளக்கடியில் சாய்த்துத் திருப்பினால் ஒளி ஆரக்காலாகச் சுழன்றோடுவது அந்தக் கோடுகளால்தான். திருநீறோ பற்பசையோ போட்டுத் தேய்த்தால் கோடுகள் மழுங்கிவிடும். பளபளப்பு இருக்கும், ஆனால் அது கண்ணாடிப் பளபளப்பு, அச்சுப் பளபளப்பு போய்விட்டது. கடையில் விற்கும் வெள்ளி கழுவும் திரவங்களில் தயோயூரியாவும் நீர்த்த அமிலமும் இருக்கும். அவை சல்பைடைக் கரைக்கும்போது அதோடு சேர்ந்திருந்த வெள்ளியும் போகிறது. இரண்டு மூன்று முறை முக்கியெடுத்தால் காசு உயிரற்ற சாம்பல் வெண்மையாகிவிடும். தேய்த்த காசை விவரம் தெரிந்த வியாபாரி ஒரே பார்வையில் கண்டுகொள்வார். விலையும் உடனே இறங்கிவிடும்.

செம்புக்கும் வெண்கலத்துக்கும் வருவோம். இங்கேதான் பெட்டி பற்றிய முடிவு உயிர்ப் பிரச்சினையாகிறது. புதிதாக அடித்த செப்புக் காசின் சிவப்பு, காற்றில் மெல்ல ஆக்ஸைடு படர்ந்து பழுப்பாகும். அந்தச் சிவப்பு ஒருமுறை போனால் எந்த வித்தையாலும் திரும்பாது. ஆனால் பழுப்பு ஒரு கேடு அல்ல. அடர்த்தியாக, ஒரே சீராகப் படர்ந்த பழுப்பும், பழங்காசுகளில் காணும் வழவழப்பான கரும்பச்சையும் உலோகத்தை மூடிக் காப்பவை. அவற்றைச் சுரண்டக் கூடாது.

அஞ்ச வேண்டியது, வெளிர்பச்சையாக, மாவு போலப் புள்ளிபுள்ளியாகப் பூப்பது. பல்குத்தும் குச்சியால் தொட்டால் உதிரும். உதிர்த்துத் துடைத்த இடத்தில் அடுத்த மழைக்காலத்தில் மறுபடி பூக்கும். வெண்கல நோய் என்று இதற்குப் பெயர். ஒருகாலத்தில் கிருமியால் வருவது என்றுகூட நினைத்தார்கள். உண்மையில் இது குளோரைடின் வேலை. மண்ணில் கிடந்த உப்போ, கடற்காற்றோ, கைவியர்வையோ காசுக்குள் குளோரைடைச் செலுத்தியிருக்கும். அது உலோகத்தை ஒட்டிய அடியடுக்கில் குப்ரஸ் குளோரைடாக, சத்தமில்லாமல் உறங்கும். ஈரமும் ஆக்சிஜனும் எட்டிய நாளில் அது விழித்துக்கொண்டு வெளிர்பச்சைப் பொடியாக மாறுகிறது. மாறும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் விட்டுவிட்டுப் போகிறது. அமிலம் அடியிலிருக்கும் செம்பைத் தின்று மீண்டும் குப்ரஸ் குளோரைடை உண்டாக்குகிறது. செலவழியாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் குளோரைடு, விட்டால் காசு முழுவதும் பொடியாகும்வரை ஓயாது.

செப்புத் திருமேனிகளையும் இதே நோய் அரித்தது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1930இல் வேதியியல் பாதுகாப்புக்கென ஓர் ஆய்வகத்தைத் தொடங்கியதே அத்தகைய உலோகப் பொருள்களுக்குச் சிகிச்சை தரத்தான். அங்கே எஸ். பரமசிவன் மின்பகுப்பு முறையில் திருமேனிகளிலிருந்து குளோரைடை வெளியேற்றினார். வீட்டுச் சேகரிப்பாளருக்கு அந்த வசதி கிடையாது, வேண்டியதும் இல்லை. காற்றின் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இந்த வினை ஏறக்குறைய நின்றுவிடுகிறது. 50ஐத் தாண்டினால் வேகம் பிடிக்கிறது. ஆகவே நோய்ப்பட்ட காசுக்கு வீட்டில் தரக்கூடிய முதல் மருந்து வறட்சி. சங்ககாலச் சேரர் காசுகளில் பல கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்தவை. அப்படி மண்ணிலிருந்தோ ஆற்றிலிருந்தோ வந்த செப்புக் காசு கைக்கு வந்தால் மற்றக் காசுகளோடு சேர்க்காமல், உலர்ந்த தனிப்பெட்டியில் வைத்து ஒரு மழைக்காலம் முழுக்கக் கவனிப்பது நல்லது.

வறட்சி என்று எழுதுவது எளிது; சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ அதை உண்டாக்குவது எளிதில்லை. கடலோர ஊர்களில் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதி 70 சதவீதத்துக்கு மேலேயே நிற்கிறது. பத்து லிட்டர் கொள்ளும் ஒரு டப்பாவில், 30 டிகிரி வெப்பத்தில், 75 சதவீத ஈரப்பதத்தில் எவ்வளவு நீராவி இருக்கும்? கால் கிராம்கூட இல்லை. ஒரு சிறு சிலிக்கா ஜெல் பொட்டலம் அதை உறிஞ்சிவிடும். பிறகு ஏன் பொட்டலம் போட்டும் காசு பச்சை பூக்கிறது? டப்பாவுக்குள் காகிதம் இருப்பதால். காகிதமும் அட்டையும் அந்த ஈரப்பதத்தில் தம் எடையில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான நீரைப் பிடித்து வைத்திருக்கும். அரைக் கிலோ அட்டை ஆல்பத்தில் நாற்பது கிராமுக்குமேல் நீர் ஒளிந்திருக்கிறது. காற்றை உலர்த்தினால் காகிதம் தன் ஈரத்தை விட்டுக்கொடுத்துக் காற்றை மறுபடி நனைக்கும். ஈரப்பதத்தை 40க்கு இறக்க வேண்டுமானால் அந்த ஆல்பத்திலிருந்து ஏறக்குறைய இருபது கிராம் நீரை வெளியேற்ற வேண்டும். அதற்கு நூறு கிராம் அளவுக்குச் சிலிக்கா ஜெல் வேண்டும். மருந்துப் புட்டியில் வரும் ஒரு கிராம் பொட்டலம் இரண்டைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும்.

ரப்பர் வளையமுள்ள, நான்கு பக்கமும் கொக்கி மாட்டும் பாலிபுரொப்பிலீன் சமையலறை டப்பா இதற்குப் போதும். மூடியின் ரப்பர் கந்தகம் கலந்ததாக இருக்கக் கூடாது, சிலிக்கோன் வளையம் நல்லது. உள்ளே ஈரமானி ஒன்றை வைத்தால் யூகிக்க வேண்டியதில்லை. சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. நிறம் மாறும் சிலிக்கா ஜெல் வாங்கும்போது நீல நிறத்தைத் தவிர்த்து ஆரஞ்சு நிறத்தை வாங்கலாம். நீலத்தில் இருப்பது கோபால்ட் குளோரைடு, அது உடலுக்குக் கேடு. நிறம் மாறியதும் அடுப்பில் ஏறக்குறைய 120 டிகிரியில் சில மணிநேரம் சூடாக்கினால் மறுபடி பயன்படும்.

குளிர்சாதன அறையில் காசு வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வெளியே 30 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் இருந்தால் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 25 டிகிரி. அறையில் 23 டிகிரிக்குக் குளிர்ந்த காசை நண்பருக்குக் காட்ட வராந்தாவுக்குக் கொண்டுவந்து பெட்டியைத் திறந்தால், அந்தக் கணமே காசின் மேல் ஈரம் வேர்க்கும். பெட்டியை மூடியபடியே வெளியே வைத்து, வெளி வெப்பத்துக்கு வந்தபிறகு திறக்க வேண்டும். வங்கிப் பெட்டகத்திலிருந்து எடுத்து வரும்போதும் இதே விதிதான்.

இனி பிளாஸ்டிக். சேகரிப்புகளுக்கு மிகுந்த சேதம் செய்த ஒரு பொருளைச் சொல்லச் சொன்னால் பிவிசி என்றுதான் சொல்வேன். பாலிவினைல் குளோரைடு இயல்பில் விறைப்பானது. அதை ஆல்பத் தாளாக வளையவைக்க எண்ணெய் போன்ற மென்மையூட்டிகளைச் சேர்க்கிறார்கள். அவை ஆண்டுகள் செல்லச் செல்லப் பிளாஸ்டிக்கை விட்டுக் கசிந்து காசின் மேல் படியும். வெயிலிலும் சூட்டிலும் பிவிசி மூலக்கூறே சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடை விடுகிறது. இரண்டும் சேர்ந்து செம்பையும் வெள்ளியோடு கலந்த செம்பையும் தாக்கிப் பசபசவென்ற பச்சைக் களிம்பாகக் காசில் ஒட்டிக்கொள்ளும். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் தூய அசிட்டோனில் ஊறவைத்துக் கரைத்துவிடலாம். அசிட்டோன் உலோகத்தோடு வினைபுரிவதில்லை, கரிமப் பிசுக்கை மட்டும் கரைக்கும். தேய்க்காமல், கண்ணாடிக் கிண்ணத்தில், சன்னல் திறந்த அறையில், தீ இல்லாத இடத்தில் செய்ய வேண்டும். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் வாசனையும் எண்ணெயும் கலந்திருப்பதால் அது உதவாது. பச்சை உலோகத்துக்குள் இறங்கிவிட்டால் அசிட்டோனும் கைகொடுக்காது; அடியில் குழி விழுந்திருக்கும்.

கடையில் விற்கும் தாளில் என்ன பிளாஸ்டிக் என்று எழுதியிருப்பதில்லை. மூன்று வழிகளில் கண்டுபிடிக்கலாம். புது மழைக்கோட்டின் வாடை அடித்தால் பிவிசி. ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் அமிழ்த்தி விட்டால், பாலிபுரொப்பிலீனும் பாலிஎத்திலீனும் மேலே மிதக்கும், பிவிசி மூழ்கும். பாலியெஸ்டரும் மூழ்கும், ஆனால் அது விறைப்பாக, மடக்கினால் சரசரக்கும். பிவிசி தொய்வாக வளையும். இன்னும் ஐயம் இருந்தால் ஜெர்மானிய மரபில் வந்த ரஷ்ய வேதியியலாளர் பைல்ஸ்டைன் 1872இல் வெளியிட்ட சோதனை இருக்கிறது. செப்புக் கம்பியைத் தீயில் பழுக்கக் காய்ச்சி, பிளாஸ்டிக்கைத் தொட்டு, மறுபடி தீயில் காட்ட வேண்டும். சுடர் பச்சையாக எரிந்தால் உள்ளே குளோரின் இருக்கிறது. புகை நச்சு என்பதால் கடுகளவு துண்டை மட்டும், திறந்த வெளியில் சோதிக்க வேண்டும்.

நம்பத்தக்கவை பாலியெஸ்டர், பாலிபுரொப்பிலீன், பாலிஎத்திலீன், அக்ரிலிக், பாலிஸ்டைரீன். நடுவில் பாலியெஸ்டர் சன்னல் வைத்த இரண்டு அங்குலச் சதுர அட்டை ஹோல்டர் உலகெங்கும் புழங்குவது. மலிவு, எழுத இடமும் உண்டு. சாதாரணக் காசுகளுக்கு அதைத்தான் பரிந்துரைப்பேன். ஸ்டேப்ளர் முள்ளின் முனைகளைக் குறடால் அழுத்தித் தட்டையாக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஹோல்டரைக் கிழித்து உள்ளிருக்கும் காசைக் கீறும். முள் துருப்பிடிக்கும் என்பதால் ஈரமான ஊரில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும். வெள்ளிக்கும் நல்ல நிலையிலுள்ள செம்புக்கும் வட்ட அக்ரிலிக் கேப்சூல் பொருத்தம். காசின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து அதே அளவில் வாங்க வேண்டும். உள்ளே ஆடினால் ஆடும் ஒவ்வொரு முறையும் மேடான பகுதிகள் தேயும். தரநிர்ணய நிறுவனங்கள் 1980களின் நடுவிலிருந்து தரும் முத்திரையிட்ட கெட்டிக் கூடுகள் கைபடாமல் காக்கும், போலியை மாற்றிவைப்பதைத் தடுக்கும். காற்று முற்றிலும் புகாதவை என்று எண்ணிவிடக் கூடாது. அவற்றுக்குள்ளும் வெள்ளி கறுப்பதுண்டு.

ஆல்பத்தைவிட மரப்பெட்டி மேல் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. இழுப்பறைகளில் வட்டக் குழி வெட்டி, அடியில் துணி ஒட்டிய மரப்பேழை பார்க்கவே கம்பீரம்தான். ஐரோப்பியச் சேகரிப்பாளர்கள் நெடுங்காலமாக அதற்கு மகாகனி மரத்தைத் தேர்ந்து ஓக் மரத்தை ஒதுக்கியதில் அனுபவ அறிவு இருக்கிறது. ஓக் அசிட்டிக் அமில ஆவியை மிகுதியாக விடும். அந்த ஆவிக்கு முதல் பலி ஈயம். கப்பல் சின்னம் பொறித்த சாதவாகனர் காசுகள் சோழமண்டலக் கரையில் கிடைக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஈயம். மூடிய மர இழுப்பறையில் வைத்தால் அசிட்டிக் அமிலம் ஈயத்தை ஈய அசிட்டேட்டாக்கும், காற்றிலிருக்கும் கார்பன் டைஆக்சைடு அதை வெண்பொடியான ஈயக் கார்பனேட்டாக்கி அமிலத்தை விடுவிக்கும், விடுபட்ட அமிலம் மறுபடி ஈயத்தைத் தின்னும். பழங்காலத்தில் ஓவியர்களுக்கான வெள்ளை வண்ணத்தை வினிகரும் ஈயமும் கொண்டு தயாரித்தது இதே வழியில்தான். ஈயத்துக்கு மரத்தின் அருகிலேயே இடம் தரக் கூடாது.

இன்றைய தச்சுப் பட்டறைகளில் செய்யும் பெட்டிகள் ஓக்கைவிட மோசம். பிளைவுட்டிலும் மரத்தூள் பலகையிலும் இருக்கும் பிசின் ஃபார்மால்டிஹைடை விடுகிறது, அது ஃபார்மிக் அமிலமாகிறது. பலகையை ஒட்டும் வெள்ளைப் பசையிலிருந்து அசிட்டிக் அமிலம் வருகிறது. மேலே பூசிய வார்னிஷ் மாதக்கணக்கில் ஆவி விடும். உள்ளே ஒட்டிய வெல்வெட்டில் கம்பளி கலந்திருந்தால் கந்தகம். நான்கு பக்கமிருந்தும் தாக்குதல்! இத்தகைய பொருள்களைச் சோதிக்க பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆண்ட்ரூ ஆடி 1973இல் ஒரு முறையை வெளியிட்டார். வெள்ளி, செம்பு, ஈயத் தகடுகளைச் சந்தேகத்துக்குரிய துணி அல்லது பலகையோடு, சில துளி நீருடன் கண்ணாடிக் குடுவையில் அடைத்து 60 டிகிரியில் 28 நாள் வைக்க வேண்டும். தகடுகள் நிறம் மாறினால் அந்தப் பொருள் காட்சிப்பெட்டிக்குள் போகக் கூடாது. இன்றும் அருங்காட்சியகங்கள் இதைத்தான் நம்புகின்றன. ஆர்வமுள்ளவர்கள் வீட்டிலேயே எளிய வடிவில் செய்யலாம்: பளபளப்பாகத் தேய்த்த செப்புக் கம்பித் துண்டு ஒன்றையும் மலிவான வெள்ளித் துண்டு ஒன்றையும் புதுப் பெட்டியில் ஒரு கோடைக்காலம் மூடி வைத்துப் பார்த்துவிட்டுக் காசைக் குடியேற்றுங்கள்.

அந்துருண்டை போடும் பழக்கமும் வேண்டாம். அந்த ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும். பவுடர் பூச்சுக் கொடுத்த இரும்பு அலமாரியின் உள்தட்டு, சமையலறைச் சுவரையும் குளியலறைச் சுவரையும் தொடாத இடத்தில், தரையிலிருந்து உயர்ந்து இருந்தால் அதுவே போதுமான வீடு.

காசை ஒளித்து வைப்பதற்காக யாரும் சேகரிப்பதில்லை. கண்ணால் பார்க்க வேண்டும், வந்தவர்களுக்குக் காட்ட வேண்டும். அந்த ஆசையை நான் மதிக்கிறேன். கைபடாமல் பார்க்க முடிவதே பாதுகாப்பின் பாதி. தபால்தலையையும் பழைய நோட்டையும் ஒளி வெளிறவைக்கும். உலோகத்துக்கு அந்தப் பயமில்லை. ஆனால் விளக்கின் சூடு வேறு வழியில் கெடுக்கும். பகலில் விளக்கு எரியும்போது பெட்டிக்குள் காற்று விரிந்து வெளியேறும். இரவில் அணைத்ததும் சுருங்கி வெளிக்காற்றை ஈரத்தோடு உள்ளே இழுக்கும். இப்படித் தினமும் மூச்சு வாங்கும் பெட்டியில் எந்தச் சிலிக்கா ஜெல்லும் நீடிக்காது. சிறிய எல்இடி விளக்கை, பெட்டிக்கு வெளியே வைப்பது நல்லது.

விளக்கின் கோணம்தான் காட்சியின் உயிர். ஒரு காசில் உருவத்தின் எழுச்சி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. நேர் மேலிருந்து ஒளி விழுந்தால் எல்லாம் தட்டையாகிவிடும். பக்கவாட்டிலிருந்து தாழ்வாக விழும் ஒளியில் ஒவ்வொரு மேடும் தன் நிழலைப் போட்டுக்கொண்டு எழுந்து நிற்கும். தேய்ந்த காசில் எழுத்துப் படிப்பவர்கள் கையாளுவதும் இந்த வித்தையைத்தான். இருபக்கமும் காட்ட, அக்ரிலிக் தகட்டில் காசின் அளவுக்குத் துளை வெட்டி, முன்னும் பின்னும் இரண்டு மெல்லிய தகடுகளால் மூடித் திருகால் இறுக்கலாம். பசை, இரட்டைப் பக்க நாடா, சுவரில் படம் ஒட்டும் களிமண் எதையும் காசில் தொடவிடாதீர்கள். எல்லாவற்றிலும் எண்ணெயோ அமிலமோ இருக்கிறது.

காட்சிக்கு எதை வைப்பது என்பதிலும் ஒரு தேர்வு வேண்டும். நிக்கல் ரூபாயும் எஃகுக் காசுகளும் கூடத்தில் ஆண்டுக்கணக்கில் இருக்கட்டும். நோயுள்ள செம்பும் ஈயமும் உலர்ந்த பெட்டியை விட்டு வரவே வேண்டாம். வெள்ளியைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றி மாற்றி வைக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பிரிட்டிஷ் மியூசியம் இதற்கு ஒரு விடை கண்டது. ராபர்ட் ரெடி என்ற கைவினைஞர் 1859 முதல் அருங்காட்சியகத்தின் கிரேக்க நாணயங்களுக்கு மின்முலாம் முறையில் துல்லியமான பிரதிகள் செய்து கொடுத்தார். பொதுமக்கள் பார்வைக்குப் பிரதிகள் வைக்கப்பட்டன. அசல்கள் இழுப்பறைகளில் தங்கின. இன்று நம்மிடம் கேமரா இருக்கிறது. தாழ்ந்த பக்கவொளியில் எடுத்து, பத்து மடங்கு பெரிதாக அச்சிட்ட படம், ஒரு சின்னஞ்சிறு செப்புக் காசைக் காட்டுவதுபோல எந்தக் கண்ணாடிப் பெட்டியும் காட்டாது. அப்படி அச்சிட்ட படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, காசை அதன் கீழே சிறு கேப்சூலில் சில நாள் மட்டும் வைப்பதையே நான் விரும்புகிறேன்.

எதில் வைத்தாலும் காசோடு ஒரு சீட்டு இருக்க வேண்டும். எடை, விட்டம், உலோகம், எங்கே எப்போது கிடைத்தது, யாரிடமிருந்து வந்தது. கரூரில் கிடைத்த சேரர் காசுக்கும், எங்கே கிடைத்தது என்று தெரியாத சேரர் காசுக்கும் வரலாற்று மதிப்பில் பெரிய தூரம் உண்டு. அந்தத் தகவல் சேகரித்தவரின் நினைவில் மட்டும் இருந்தால் அவரோடு போய்விடும். அமிலமில்லாத தாளில் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் கசிந்து காசுக்கு வரும். சீட்டைக் காசைத் தொடாமல் தனி உறையில் வையுங்கள். சீட்டில் பெட்டி எண்ணையும், பெட்டியைக் கடைசியாகத் திறந்து பார்த்த மாதத்தையும் குறிக்க ஒரு மூலை ஒதுக்கினால், வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் எந்தப் பெட்டியை முதலில் திறக்க வேண்டும் என்று தேடவேண்டியிருக்காது.